பச்சைத் துணி விரித்த தட்டு

குருவுக்கு வயது இருபத்தெட்டு. சிஷ்யைக்கு அறுபத்தொன்று. பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் பாடம் நடந்தது.

குருவின் பெயர் கெசியா. மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசிப்பவள். கல்யாண வரவேற்பு, கோயில் கொடை விழா, கட்சிக் கூட்டம் என்று எங்கே மேடை கட்டினாலும் ஏறிவிடுவாள். சிஷ்யை தங்கபுஷ்பம், மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். கெசியாவும் அப்படியே கூப்பிட்டாள். சிஸ்டரோ, தன் மகளைவிடச் சின்னவளை 'டீச்சர்' என்று வாய் நிறையக் கூப்பிட்டாள்.

மூன்றாவதாக ஒருவரும் மெல்ல மெல்லப் படியேறி வருவார். சிஸ்டரின் கணவர் வேதமுத்து சார். டிராயிங் மாஸ்டராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. போகிற போக்கில் 'சரி' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தது. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதே சொல்தான்.

ஆனால் பாட்டு போகவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்தான் அதைக் கண்டுபிடித்தாள். சார் இளவயதில் அறுவடைக் காலத்துக்கென்று தானே ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். நாலு சரணம். கிட்டாரை மீட்டிக்கொண்டு அவரே பாடுவார். அந்தக் கிட்டார் ஒலித்தால், ஒரு சொல் பேச முடியாத மனிதர் நாலு சரணத்தையும் தட்டுத் தடுமாறாமல் பாடினார்.

அவருடைய வலது கை இனி வாசிக்காது. அதனால் சுவரில் தொங்கிய கிட்டாரை சிஸ்டர் இறக்கித் துடைத்தாள். அறுபது வயதில் விரல் நுனி தோலுரிய உட்கார்ந்து நாலே நாலு கார்டு, அதாவது கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிற சுரக்கட்டு, கற்றுக்கொண்டாள்.

ஒரு சங்கடம் இருந்தது. நடுவில் கிட்டார் நின்றால் பாட்டும் நின்றுவிடும். வீட்டில் இரண்டு முறை அப்படி ஆனது. சார் வாய் திறந்தபடி இருந்தார். பிறகு "சரி, சரி, சரி" என்றார். கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு முழுவதும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்த வருடம் திருச்சபையில் அசனப் பண்டிகை வந்தது. ஊர் கூடிச் சமைத்து ஊர் கூடிச் சாப்பிடுகிற நாள். சாப்பாட்டுக்குப் பிறகு பந்தலில் பாட்டு, நாடகம் எல்லாம் உண்டு. பாட விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சார் அதன் முன்னால் நின்று இடது கை விரலை அதன்மேல் வைத்தார்.

"நாம பாடணுமா?" என்று கேட்டாள் சிஸ்டர்.

"சரி" என்றார்.

அந்த ஊரில் அவர் நிற்கும்போதே, "இவருக்கு நாம பேசுறது விளங்குமா?" என்று அவர் தலைக்கு மேலாக அவளிடம் கேட்கிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் நடுவில்தான் அவர் பாட வேண்டும். சிஸ்டருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை மாடி ஏறியதும் ஏறாததுமாகக் கேட்டாள்.

"டீச்சர், மேடையில வாசிக்கும்போது என்னென்ன சாமான் கைக்கு எட்டுற மாதிரி வச்சுக்கணும்?"

"எதுக்கு சிஸ்டர்?"

"ஒரு சாமானத் தேடி நான் கைய நிறுத்தினா அவரு பாட்டு நின்னுரும். நின்னா, அந்தக் கூட்டத்துல அவரு... எனக்கு அதப் பாக்கத் தெம்பு கிடையாது டீச்சர்."

கெசியா கிட்டாரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு கோயில் கொடையில வாசிச்சேன். லாரி மேலதான் மேடை. மூணாவது பாட்டுல டப்புனு கம்பி அறுந்துட்டு."

"புதுக் கம்பி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எங்கன?"

"பையில."

"பை?"

"வேன்ல."

"வேன்?"

"டீசல் போடப் போயிருந்துச்சு."

சிஸ்டர் நெஞ்சில் கை வைத்தாள். "பின்ன என்ன செஞ்சிய?"

"நான் ஒண்ணும் செய்யல. டிரம்ஸ் வாசிக்கிற ராஜமணி அண்ணன் வேன் வர்ற வரைக்கும் ஒத்தையா நின்னு அடிச்சாரு. பத்து நிமிஷம். ஊரு அந்தப் பத்து நிமிஷந்தான் எந்திரிச்சு ஆடுச்சு."

"அதுக்கப்புறம் பைய பக்கத்துலயே வச்சுக்கிட்டிய. அப்படித்தான?"

"வச்சுக்கிட்டேன். ராஜமணி அண்ணனுக்குத்தான் அதுல வருத்தம்."

சிஸ்டர் யோசித்துப் பார்த்தாள். பதில் எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை. பையைப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்ற அளவுக்கு விளங்கியது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்தாள். தட்டில் பச்சைத் துணி விரித்திருந்தது. அதன்மேல் எல்லாம் வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தது. கம்பியை மீட்டுகிற பிக், கையில் இருப்பது போக நாலு. கிட்டாரின் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றுகிற கிளிப்பான கேப்போ இரண்டு. சுருதி பார்க்கிற டியூனர். ஆறு கம்பியும் தனித்தனி உறையில். கம்பி நறுக்க ஒரு கட்டர். வியர்வைக்குக் கைக்குட்டை. போதாததற்கு ஒரு பிளாஸ்திரி, சேப்டி பின், டார்ச் லைட்.

"டார்ச் எதுக்கு? பகல் நிகழ்ச்சிதான?" என்றாள் கெசியா.

"இருக்கட்டும் டீச்சர்."

சொல்லும்போது சிஸ்டரின் முகத்தில் பழைய மிடுக்கு வந்தது. டிரெஸ்ஸிங் ரூமில் தட்டு விரிப்பதற்கு அவளை அடிக்க ஆள் கிடையாது. காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் டாக்டர் கையை நீட்டுவார். கத்தரியின் பிடி அவர் விரலில் தானாக வந்து மாட்டும். பெரிய டாக்டரே, தங்கபுஷ்பம் லீவு போட்டால் தனக்கும் லீவு வேண்டும் என்று சொன்னதுண்டு.

"எடுத்துப் பாத்தியளா?" என்று கேட்டாள் கெசியா.

"எத?"

"தட்டுல இருந்து. வாசிச்சிட்டே ஒரு பிக் எடுத்துப் பாத்தியளான்னு கேட்டேன்."

சிஸ்டர் பதறிவிட்டாள். "விரிச்ச தட்ட சும்மா தொடப்பிடாது டீச்சர். தேவை வந்தாத்தான் தொடணும். அதுக்கு முன்னால தொட்டா மறுபடி முதல்ல இருந்து விரிக்கணும்."

கெசியா கிட்டாரை அவள் பக்கம் நகர்த்தினாள். "வாசிங்க" என்றாள்.

சிஸ்டர் வாசித்தாள். சார் பாடினார். நாலு சரணமும் சுகமாக வந்தது. முடிந்ததும் அவர் இடது கையைத் தண்ணீர் பாட்டில் பக்கம் கொண்டுபோனார். அது போய்ச் சேருவதற்குள் சிஸ்டர் மூடியைத் திறந்து அவர் வாயருகே பிடித்துவிட்டாள். குடித்ததும் துடைத்தும் விட்டாள். செருப்பை மாட்டிக்கொள்ளலாம் என்று அவர் காலை அசைத்தபோது அவள் குனிந்து மாட்டியே முடித்திருந்தாள். ஆசையாய்ச் செய்கிற வேலை, அதனால் மின்னல் வேகம்.

சார் படியிறங்கும்போது திரும்பி கெசியாவைப் பார்த்தார். "சரி" என்றார். அவள் தலையசைத்தாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் பந்தலில் ஒத்திகை. வெளியே கிடா வாங்கி வந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் இரண்டு நாற்காலிகள், இரண்டும் ஜனங்களைப் பார்த்தபடி. சிஸ்டருக்கு வலது பக்கம் சார். இருவருக்கும் முன்னால் ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் தட்டு. நாளைக்கு இது இப்படியே இருக்க வேண்டும், யாரும் தொடக் கூடாது என்று பந்தல்காரரிடம் சிஸ்டர் உத்தரவு போட்டாகிவிட்டது.

பாடத் தொடங்கும் முன் ஒரு பிக் லேசாகக் கோணியிருப்பது சாரின் கண்ணில் பட்டது. டிராயிங் மாஸ்டர் கண் அல்லவா. இடது கையை நீட்டி அதை நேராக்கப் போனார்.

"ஏங்க, அதத் தொடாதீங்க" என்று சிஸ்டர் அந்தக் கையை எடுத்தாள். நோகாமல், பூப்போல எடுத்து, அவர் மடியில் கொண்டுபோய் வைத்தாள். பிக்கைத் தானே நேராக்கினாள்.

அதே நேரம் கெசியா மேடையேறி நேராகத் தட்டைப் பார்த்து வந்தாள். கைகூட நீண்டுவிட்டது. ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தட்டைப் பார்த்தாள். மடியில் இருந்த கையைப் பார்த்தாள்.

பிறகு சாரை எழுப்பி நிற்க வைத்துவிட்டு, அவர் நாற்காலியைத் தூக்கினாள். சிஸ்டரையும் தட்டிருந்த ஸ்டூலையும் பக்கவாட்டாகத் திருப்பி, ஸ்டூலுக்கு அந்தப் பக்கம், சிஸ்டருக்கு நேர் எதிரே போட்டாள். மைக்கையும் திருப்பினாள்.

"டீச்சர், என்ன இது? ஜனங்க அவரு முகத்தப் பாக்கண்டாமா?"

"பக்கவாட்டுல தெரியும் சிஸ்டர்."

"எதுக்கு இப்படி?"

"இப்படியே இருக்கட்டும்."

"நான் கேட்டதுக்கும் நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லல. இதெல்லாம் போதுமா, இன்னும் எதாவது கைக்கு எட்டுற மாதிரி வேணுமா?"

"இப்பப் போதும்" என்றாள் கெசியா.

மறுநாள் அசனம் அமர்க்களமாக நடந்தது. கறிச்சோறு தின்ற கிறக்கத்தில் பாதிப் பந்தல் கண் சொக்கியிருந்தது. மீதிப் பாதி பேசிக்கொண்டிருந்தது. மேலே பெரிய பெரிய ஃபேன்கள் இரைந்தன. சபைக் குருவானவர் மைக்கில், "அடுத்ததாக வேதமுத்து சார் பாடுவார்" என்றதும் ஒரு நிமிடம் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"அவரு பேசவே மாட்டாரே, எப்படிப் பாடுவாரு?" என்று முன்வரிசையில் ஒரு அம்மாள் கேட்டது மேடைவரை கேட்டது.

சிஸ்டர் தட்டை இன்னொரு முறை எண்ணினாள். துணியின் ஓரத்தை நீவினாள். முதல் கார்டைத் தட்டினாள்.

சார் பாடினார்.

"தேரி மணலும் ஈரமாச்சே, தேவனே உம் கிருபையாலே..."

குரல் பழையபடி கனமாக இல்லை. ஆனால் ஒரு சொல் சிதையவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தூங்கினவர்களைப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுப்பினார்கள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. சிஸ்டருக்கு உள்ளங்கை முழுக்க வியர்வை. கைக்குட்டை தட்டில் இருந்தது. அதை எடுக்கக் கையை விட வேண்டுமே என்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது சரணத்துக்கு முன்னால் பிக் வழுக்கியது. கம்பிக்கு நடுவே நழுவி, கிட்டாரின் வயிற்று ஓட்டைக்குள் விழுந்து கலகலவென்று உருண்டது.

கட்டை விரலால் வருடிப் பார்த்தாள். ஃபேன் இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை. கையைத் தட்டுக்கு நீட்டினாள். விரலில் கம்பி உறை தட்டுப்பட்டது. பக்கத்தில் தடவினாள், அங்கும் உறைதான். குனிந்து பார்த்தாள். நாலு பிக்கும் தட்டின் எதிர் ஓரத்தில், சார் பக்கம் இருந்தன. கேப்போவின் பிடி அந்தப் பக்கம் பார்த்திருந்தது. கட்டரின் பிடியும் அந்தப் பக்கம் பார்த்திருந்தது. முப்பத்திரண்டு வருடம் எதிரே நிற்கிற டாக்டரின் கைக்கென்றே தட்டு விரித்தவள், தனக்கு விரிக்கும்போதும் எதிரே நிற்கிற கைக்குத்தான் விரித்திருந்தாள்.

கிட்டார் முழுசாக நின்றுவிட்டது.

சிஸ்டர் சாரின் வாயைப் பார்த்தாள். இனி அந்த வாய் திறந்தபடி நிற்கும். "சரி, சரி" என்று தொடங்கும். அதை இந்த ஊர் பார்க்கும். கூட்டி வந்தவள் நான்தானே என்று நினைத்தாள்.

அவர் நிறுத்தவில்லை. மூன்றாவது சரணத்தைத் துணையில்லாமல் எடுத்தார். எடுத்தபடியே இடது கையை நீட்டினார். தட்டை அவர் பார்க்கக்கூட இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முன் ஓரத்தில் இருந்த பிக் அவர் விரலில் வந்து ஏறியது. கூர்முனையைத் தன் பக்கமாகப் பிடித்து, அகலமான பக்கத்தை அவளிடம் நீட்டினார்.

இரண்டு வருடமாக அவருக்கு ஊட்டியிருக்கிறாள், உடுத்தியிருக்கிறாள், சட்டைப் பொத்தான் போட்டிருக்கிறாள். அவர் கையிலிருந்து ஒரு பொருளை அவள் வாங்கி இரண்டு வருடமாயிற்று. இப்போது வாங்கினாள்.

நாலாவது சரணத்தில் கண்ணீர் மறைத்து அவளுக்குக் கம்பி தெரியவில்லை. ஒரு கார்டு தப்பாகவே விழுந்தது. சார் புருவத்தைத் தூக்கினார். அவள் அடுத்ததைச் சரியாகப் பிடித்தாள். பாட்டு நல்லபடியாக முடிந்தது.

பந்தல் எழுந்துவிட்டது. முன்வரிசை அம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டு மேடைக்கே வந்து, நேராக சாரிடம், "நல்லாப் பாடினிய சார்" என்றாள்.

"சரி" என்றார் சார்.

மேடையை விட்டு இறங்கும்போது சிஸ்டர் பழக்கத்தில் அவர் கையைப் பிடிக்கப் போனாள். பாதியில் நின்றாள். கிட்டாரை உறையில் போட்டு, அவர் இடது தோளில் மாட்டினாள். அவர் அதைச் சுமந்துகொண்டு மெல்ல நடந்தார். சின்னப் பிள்ளைகள் அவர் பின்னால் ஓடின.

அவர் ஆட்களோடு உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, சிஸ்டர் கெசியாவைத் தேடிப் போனாள். பந்தலுக்குப் பின்னால் காலி அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கெசியா கடைசிப் பந்தியின் சோற்றைத் தின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர், தட்ட நான் தலைகீழா விரிச்சிட்டேன்."

"ஆமா சிஸ்டர்."

"எதுக்க இருக்கவங்க கைக்கு வாகா வச்சிருக்கேன். எனக்கு ஒண்ணுமே எட்டல."

"ஆமா."

"நீங்க இன்னைக்குத்தான் பாத்தியளா?"

"நேத்தே பாத்தேன்."

சிஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குரு என்பதெல்லாம் அந்த நொடி மறந்துபோயிற்று.

"பாத்துட்டா சும்மா இருந்த? பாட்டு நின்னுருந்தா என்ன ஆயிருக்கும்? உனக்குத் தெரியும்லா, நின்னா அவரு எப்படி ஆயிருவாருன்னு?"

"தெரியும் சிஸ்டர்."

"தட்டு தப்பா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? ஒரு நிமிஷத்துல திருப்பி வச்சிருப்பேனே."

கெசியா சோற்றுக் கையோடு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"திருப்பத்தான் வந்தேன் சிஸ்டர். அப்பத்தான் நீங்க சார் கைய எடுத்து அவரு மடியில வச்சிய. அதப் பாத்ததும், தட்ட விட்டுட்டு அவரு நாற்காலிய அதுக்கு நேரா திருப்பிட்டேன்."